மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்த வீடு

கணபதியில் பட்டறை வாசலை விட்டுக் கார் கிளம்பியதிலிருந்தே நஞ்சுண்டன் வேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். வாங்குகிறவன் சிரித்தால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான் என்பது, பழைய லேத் மெஷின்களாக வாங்கி வாங்கி அவர் கற்ற பாடம். ஆகவே தொண்டாமுத்தூர் பக்கம் குளக்கரை வீட்டைப் பார்க்கப் போகும் குடும்பத்தில் தலைக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். மனைவி மயிலாத்தாளுக்குச் சமையலறை. மகன் கிருபாசங்கருக்குச் சுவர் விரிசல். வாஸ்துவைத் தனக்கே வைத்துக்கொண்டார். மருமகள் லோகப்பிரியாவுக்குக் குளம்.

"நாத்தம்னு சொல்லிப்போடு கண்ணு. மூக்குல கர்சீப்பை வச்சுக்கோ."

நாலு வயது ரித்திகாவுக்கு எதுவும் ஒதுக்கவில்லை. அழுவதற்கு அவளே ஏதாவது கண்டுபிடித்துக்கொள்வாள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது.

லோகப்பிரியாவுக்கு இந்த வீடு வேண்டும். இப்போது குடியிருப்பது பட்டறைக்கு மேல்மாடி. கீழே மூன்று லேத், தகடு வெட்டும் பிரஸ் ஒன்று. பிரஸ் அடிக்க ஆரம்பித்தால் அலமாரியில் டம்ளர்கள் நடைபழகும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் கணவனிடம் ரகசியம் என்று ஒன்று சொன்னதில்லை. மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னால் மாமியாரும் பதில் சொல்வார். அந்தக் குடும்பத்தில் உப்பைக்கூட ஏலம் விடுகிற குரலில்தான் கேட்பார்கள்.

வீட்டுக்காரர் சுந்தரராஜுலு, ஒரு மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் லாஸ்யாவோடு ஹைதராபாத்தில் போய் இருக்கலாம் என்று அவரும் மனைவி பங்காரம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். வாங்க வாங்க என்று கும்பிட்டு, பின்கதவைத் திறந்துவிட்டார். ஐந்து படி இறங்கினால் குளம். அதற்கு அப்பால் மலை. நடுவில் நாமக்கோழிகள் யாரையும் பொருட்படுத்தாமல் மிதந்துகொண்டிருந்தன.

குடும்பத்துக்கே சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு அவரவர் வேலையைத் தொடங்கினார்கள்.

மயிலாத்தாள் சமையல் மேடையைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் ஒரு முறை தடவிவிட்டு, உயரம் சரியில்லை என்றார். கிருபாசங்கர் கண்டுபிடித்த விரிசல், கிட்டே போனபோது சிலந்தி வலையாக இருந்தது. இருந்தாலும் தலையை ஆட்டிவைத்தான். மேற்கே தண்ணீர் இருந்தால் ஆம்பளைக்கு ஆகாது என்றார் நஞ்சுண்டன்.

"எனக்கு எழுபத்தொண்ணு ஆச்சுங்க," என்றார் சுந்தரராஜுலு.

"அதானுங்க சொல்றேன்."

லோகப்பிரியா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, நாற்றம் இருக்கிறது என்று, போலீஸ் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தைப் படிப்பதுபோல் சொன்னாள். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து வாசம்தான் அடித்தது.

கலந்து பேச எல்லோரும் படிக்கட்டில் இறங்கினார்கள். ரகசியமாகத்தான் பேசினார்கள், அதாவது பட்டறைக்கு மேல் பேசுகிற ரகசியமாக. இந்த வீட்டை விட்டுவிட்டு வந்தால் இனிமேல் சோறு கிடையாது என்றார் மயிலாத்தாள். தனக்கும் பிடித்துப்போயிற்று என்று ஒப்புக்கொண்ட நஞ்சுண்டன், "இன்னும் நாலு குறை சொன்னாப் போதும், கெழவன் அழுதுட்டே குடுத்துப்போடுவான்," என்றார். இங்கே லேத் ஓடவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அக்கரையில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாமக்கோழிகள் எழுந்து பறந்தன. லோகப்பிரியா நிமிர்ந்தபோது, மேல்படியில் சுந்தரராஜுலு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பங்காரம்மா காபி கொண்டுவந்தார். குழந்தையின் பாலில் மட்டும் சர்க்கரை இருந்தது.

"நீங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க," என்றார் சுந்தரராஜுலு. "இப்படியாப்பட்ட ஊட்டை ஒரு நல்ல குடும்பத்துத் தலையில கட்டிப்போட்டு அந்தப் பாவத்தை நான் சொமக்க மாட்டனுங்க. காபியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க."

"நாங்க என்ன கெஞ்சிக்கிட்டுங்களா வந்தோம்?" என்றார் நஞ்சுண்டன்.

"கெழவன் அழுதாத்தான் வாங்குவீங்களோ என்னமோங்க."

இருவரும் 'ங்க'வை விடவில்லை. விட்டால் சண்டை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கடைசியில் சுந்தரராஜுலு ஒரு நிபந்தனை போட்டார். குறையைச் சொன்ன வாயே அதை வாபஸ் வாங்க வேண்டும், ஒரு குறை பாக்கியில்லாமல். அப்படியானால் பேசலாம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், மேடை உயரம் கச்சிதம் என்றார் மயிலாத்தாள். சிலந்தி வலைதான் என்றான் கிருபாசங்கர். நஞ்சுண்டன் கார் சாவியை எடுத்தார். வாஸ்து சாஸ்திரம், அதை வாபஸ் வாங்க முடியாது என்று அறிவித்தார்.

எல்லோரும் லோகப்பிரியாவைப் பார்த்தார்கள். மாமனாரை எதிர்த்து அவள் இதுவரை இட்லி வேண்டாம் என்றுகூடச் சொன்னதில்லை. கீழே பிரஸ் அடிக்கும் அந்த மேல்மாடியை நினைத்துக்கொண்டாள்.

"குளத்துல நாத்தம் இல்லீங்க," என்றாள். "வாஸ்துவும் இல்லீங்க. மாமா அதைக் கார்ல வடவள்ளி தாண்டறப்பத்தான் யோசிச்சாருங்க."

நஞ்சுண்டன் எழுந்து போய்க் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ஹாரன் அடித்தார். கிருபாசங்கர் பாதி தூரம் போய் நின்றான். மயிலாத்தாள் எழுந்து, யோசித்து, மறுபடி உட்கார்ந்தார். வீட்டை வாங்கப் போகிறவர் அந்தக் காருக்குள் இருந்தார். கையெழுத்தும் அவருடையதுதான். மருமகள் சொன்னதே போதும், அவர் வந்து உட்கார்ந்தால் பேசலாம் என்றார் சுந்தரராஜுலு.

லோகப்பிரியா போய்க் கார் ஜன்னல் பக்கம் நின்றாள். "உங்க குறையை நானே வாபஸ் வாங்கிப்போட்டனுங்க மாமா. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வந்து உக்காந்தாப் போதும்."

அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். "குளத்தைப் பாத்த ரூம்பு எனக்கு," என்றார்.

அந்த அறையில் லோகப்பிரியா மனதுக்குள் கட்டிலைப் போட்டு, திரைச்சீலையும் மாட்டி முடித்திருந்தாள்.

"அது முடியாதுங்க மாமா. அது எங்களுக்கு."

மெதுவாகத்தான் சொன்னாள். தள்ளி நின்ற கிருபாசங்கருக்குக்கூடக் கேட்டுவிட்டது.

நஞ்சுண்டன் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிக் கதவை ஓங்கிச் சாத்தினார். அறைக்காகச் சண்டை போடுவதென்றால் வீட்டுக்குள் போய்த்தானே ஆக வேண்டும்.