ஆறாவது பட்டன்

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. வீட்டில் எல்லா அறைக்கும் பாட்டு போகிற மாதிரி ஸ்பீக்கர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. அறைக்கு ஒரு கீபேட் சுவரில் இருக்கும், அதில் ஆறு பட்டன். எதை அழுத்தினால் எந்த அறையில் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு சத்தமாக என்பதையெல்லாம் நடுவில் ஒரு பெட்டியில் பதிந்து வைப்போம்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டி விட்டு விட்டு வேலை செய்தது. புதிது மாட்டக் கூப்பிட்டார். பழைய பெட்டியில் பதிந்திருந்ததை ஒவ்வொன்றாக என் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். வரவேற்பறை சரி. படுக்கையறை சரி. சமையலறையின் ஆறாவது பட்டனுக்கு வந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அதை அழுத்தினால் சமையலறையில் ஒன்றுமே கேட்காது. மாடியறையில் ரேடியோ பாடும். மாடியறையோ பூட்டிக் கிடந்தது.

"எவனோ அரைவேக்காடு கை வச்சிருக்கான் சார். இங்க அமுக்குனா ஆளே இல்லாத ரூம்ல பாடுது. இவனையெல்லாம் யாரு வீட்டுக்குள்ள விட்டது?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "மாத்தணுமாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

"பின்ன? அந்தப் பட்டன்ல வீடு மொத்தமும் ஆஃப் ஆகுற மாதிரி போட்டுத் தரேன். வெளிய கிளம்புறப்ப ஒரே அமுக்கு."

தலையை ஆட்டினார். தப்பானதை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டேன். பழைய பெட்டியில் இருந்ததை மொத்தமாக அழித்தேன். பட்டன் மேல் 'எல்லாம் ஆஃப்' என்று சீட்டு ஒட்டிவிட்டு, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அவர் மனைவி போன் செய்தார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

நான் போனபோது பலகை மேல் வெங்காயம் பாதி நறுக்கியபடி கிடந்தது. அந்தம்மா கீபேடுக்கு முன்னால் நின்றிருந்தார். விடிந்ததும் வழக்கம்போல ஆறாவது பட்டனை அழுத்தியிருக்கிறார். வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்த செய்தியும் சேர்ந்து வீடே அடங்கிப்போயிருக்கிறது.

"மாடில எம்பையன் ரூம்," என்றார். "காலேஜுக்குக் கிளம்புறப்ப ரேடியோவ அலற விடுவான். நான் இங்கேருந்து கத்துவேன். போன வருஷம் வண்டில போனவன் திரும்பி வரல. எனக்கு அடுப்புகிட்ட நிக்கவே முடியலன்னு இவர்தான் புஸ்தகத்தப் பாத்துப் பாத்து அந்தப் பட்டனப் போட்டுக் குடுத்தாரு. மேலேருந்து சத்தம் வந்தாதான் தம்பி எனக்குக் கை ஓடும்."

அரைவேக்காடு யார் என்று அப்போதுதான் தெரிந்தது. கடைக்காரர் கதவோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருக்கலாமே சார்."

"வாய் வரலப்பா. நீ அப்படிச் சிரிச்சப்புறம் என்னத்தச் சொல்றது?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பட்டனைப் பழையபடி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சத்தத்தின் அளவுதான் போயே போய்விட்டது. ஒன்றிலிருந்து அறுபதுவரை எண்கள். அதில் அவர்களுடையது எது என்று நான் எழுதி வைக்கவில்லை. அவருக்கும் நினைவில்லை. "இவ சொல்லச் சொல்ல மாசக்கணக்கா ஏத்தி எறக்கி வச்சது. கடைசியா எதுல நின்னுச்சுன்னு பாக்கல."

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். முதலில் இருபது. மேலே ரேடியோ முணுமுணுத்தது.

"இது அவன் இல்ல," என்றார் அந்தம்மா.

இருபத்தெட்டு. "இது ஜுரம் வந்தா வைப்பான்."

முப்பத்தைந்து. "இது பரீட்சை நேரம்."

கடையில் கண் பார்க்கும்போது கேட்பதுபோலவே கடைக்காரர் கேட்டார்: "இது சரியா இருக்கா, முன்னாடி வச்சதா?" அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு இன்னும் என்று கை காட்டினார். நாற்பது. நாற்பத்திரண்டு.

"கிட்ட வந்துட்டான்," என்றார்.

எனக்கு லேப்டாப் திரை மங்கலாகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாற்பத்தேழில் அலமாரியில் இருந்த டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. இந்தத் தடவை அந்தம்மா கண்ணைத் திறந்தார். போய்க் கத்தியை எடுத்து மிச்ச வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தார். சரிதானா என்று கேட்க நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் சட்டென்று நிமிர்ந்து, பழகிய எரிச்சலோடு மேலே பார்த்துக் கத்தினார்.

"டேய், கொறைடா! காது கிழியுது!"

என் விரல் தன்னாலே சத்தத்தைக் குறைக்கப் போனது. கடைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொறைக்காதப்பா," என்றார் மெதுவாக. "அவன் ஒரு நாளும் ஒரே சொல்லுல கொறைச்சதில்ல."

நோட்டை எடுத்து, விட்டுப்போன இடத்தில் நாற்பத்தேழு என்று எழுதினேன். அந்தம்மா இரண்டாவது தடவை கத்தினார்.