பதினோரு நாள் வராத செய்தி

வேன் கருவேலங்காட்டைத் தாண்டினால் போனில் ஒரு கோடு சிக்னல்கூட நிற்காது. அதனால் அழகுமீனா காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போதே எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவாள். கணக்கு வாத்தியார் ஒருவர் எழுதும் தளம், இலக்கணப் பயிற்சி போடும் தளம், பழைய வினாத்தாள் போடும் தளம், நாட்டு நடப்பு, எல்லாவற்றுக்கும் மேலே தேர்வு வாரியத்தின் அறிவிப்புப் பக்கம் என்று மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றையும் தேடிப் போய்த் திறந்து பார்க்கிற வேலையே கிடையாது. எந்தத் தளத்தில் புதிதாக ஒன்று எழுதினாலும் அது தானாக அவள் போனுக்கு வந்து வரிசையில் நிற்கும். அதற்குச் செய்தியோடை என்று பெயர். கணக்கு வாத்தியார் தளத்தின் மூலையில் இருந்த ஆரஞ்சுக் குறியைத் தெரியாத்தனமாக அமுக்கப் போய், அது என்ன ஏது என்று நான்கு நாள் மண்டையை உடைத்து அவளே கற்றுக்கொண்டது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷமாகப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள் இதைக் கண்டுபிடித்தாள் என்றால் சும்மாவா?

வேனில் பதினெட்டுப் பெண்கள். ஏறி உட்கார்ந்ததும், "வாசிங்க மதினி" என்று முத்துச்செல்வி தொடங்கி வைப்பாள். அழகுமீனா மேலிருந்து ஒவ்வொரு வரியாகச் சத்தம்போட்டு வாசிப்பாள். ஒன்றையும் தாண்டமாட்டாள், அது அவள் வைத்திருந்த சட்டம். விகிதமும் சதவீதமும் சந்திப் பிழையும் அந்த வேனுக்குள் முக்கால் மணி நேரம் காலையில், முக்கால் மணி நேரம் சாயங்காலம். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள்கூடத் தனிவட்டிக் கணக்குக்கு வாயாலேயே விடை சொல்வார்கள்.

அந்தப் படிப்பை வைத்துத்தான் அழகுமீனாவும் முத்துச்செல்வியும் அரசாங்க உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுதினார்கள். போன மாசம் பட்டியல் வந்தது. முத்துச்செல்வி நம்பர் இருந்தது. அழகுமீனா நம்பர் இல்லை. இரண்டே இரண்டு கேள்வியில் போனது! அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. ஆனாலும் காலி இடம் மிச்சமிருந்தால் கூடுதல் பட்டியல் ஒன்று வரும் என்று வாரியம் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் தினம் காலையில் போனை எடுத்தாள்.

முத்துச்செல்விக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். இருபத்தெட்டு வயசில் பத்தடி நடந்தால் மூச்சு இரைக்கிறது. இனிமேல் மருந்து அறைக்குள் போனால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அவள் மறுநாளும் வேனில் ஏறினாள். வேறு என்ன செய்வாள்?

அழகுமீனா செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முத்துச்செல்வியின் புருஷன் போனில் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. பரீட்சையை ரத்து பண்ணிவிட்டார்கள், பட்டியலைக் கிழித்துவிட்டார்கள் என்று நாளுக்கு நாலு புரளி. ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு முத்துச்செல்வி மயக்கம் போட்டு விழுந்தாள். அழகுமீனாவுக்கு வந்ததே கோபம்!

"அந்தக் கருமத்த விட்டு வெளிய வாட்டி மொதல்ல. வாரியம் என்ன சொன்னாலும் எம்போனுக்கு வந்துரும். எனக்கு வரலைன்னா அது செய்தியே இல்ல. புரிஞ்சிச்சா?"

"சரி மதினி" என்றாள் முத்துச்செல்வி. அன்றைக்கே குரூப்பை விட்டு வெளியே வந்தாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை அது.

அதற்கப்புறம் பதினோரு நாள் வாரியத்திடமிருந்து ஒன்றுமே வரவில்லை. மற்ற பதின்மூன்றும் தினம் கொட்டிக்கொண்டிருந்ததால் அழகுமீனாவுக்குச் சந்தேகம் வரவில்லை. வாரியத்தின் பெயருக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் புதிதாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலட்டி. வராதது நல்லதுதான்" என்றாள். அந்த ஊர்ப்பக்கத்து ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள். சத்தம் கேட்காத நாள்தான் அங்கே நல்ல நாள். தூரத்தில் எங்காவது ஒரு வெடிச் சத்தம் கேட்டால், எந்தக் கம்பெனி, எந்த வேன் என்று பதறி, நம் வீட்டு ஆள் வந்து சேர்கிறவரைக்கும் உயிர் உயிராக இருக்காது. ஒன்றும் கேட்காவிட்டால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். பதினாறு வருஷம் அப்படியே பழகிய மனசு, போனிலும் அதையே நினைத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கருத்துக்கொண்டு வந்தது. மின்னல் வெட்டினால் மருந்து அறையில் ஆள் இருக்கக் கூடாது. போர்மேன் விசில் ஊத, எல்லாரும் கைகால் கழுவிக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். அங்கே வாட்ச்மேன் இருளாண்டி அண்ணாச்சி, மரப்பெட்டியிலிருந்து டோக்கனுக்கு ஒரு போனாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே போகிற யாரும் போன் கொண்டுபோக முடியாது.

"எம்மவளுக்கு நேத்தே சர்ட்டிபிகேட் அம்புட்டையும் ஏத்தியாச்சும்மா" என்றார் அண்ணாச்சி, அழகுமீனாவின் டோக்கனை வாங்கிக்கொண்டே. அவர் மகள் கற்பகவல்லியும் அந்தப் பரீட்சையில் தேறியவள். "ஒங்க சேக்காளிக்கு ஏத்திட்டீகளா?"

"இன்னும் அறிவிப்பே வரலையே அண்ணாச்சி."

"என்ன சொல்றீக? அறிவிப்பு வந்து ஒரு வாரம் ஆச்சு. இன்னைக்கு அஞ்சே முக்காலோட முடியுதும்மா!"

போனை வாங்கியதும் அழகுமீனா அந்தச் சிவப்புப் புள்ளியை முதன்முறையாக அமுக்கினாள். 'இந்த முகவரியிலிருந்து எதையும் பெற முடியவில்லை' என்று, காலையில் சிக்னல் இருந்தபோதே பதிந்திருந்த குறிப்பு ஒன்று வந்தது. அதற்குக் கீழே, வாரியத்தின் தளம் இந்தப் புது முகவரிக்கு மாறிவிட்டது என்று ஒற்றை வரி. மாறியது பதினோரு நாளுக்கு முன்பு. வீட்டை மாற்றிக்கொண்டு போனவர்கள் ஆளைக் கூப்பிட்டுச் சொல்லவா போகிறார்கள்? இவள் பாட்டுக்குப் பூட்டிய வீட்டு வாசலில் பதினோரு நாளாக நின்றிருக்கிறாள்.

பின்னால் முத்துச்செல்வி, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, "என்ன மதினி?" என்றாள்.

சொன்னாள். முத்துச்செல்வி கத்தவில்லை, திட்டவில்லை. "இன்னும் நேரம் இருக்குல்ல மதினி?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று இருந்தது அழகுமீனாவுக்கு.

தலை எண்ணி வேன் கிளம்பவே நாலு மணி ஆகிவிட்டது. டிரைவர் சுடலையிடம், "அண்ணே, எங்க ரெண்டு பேரையும் நேரே முக்குரோட்டு கம்ப்யூட்டர் கடையில விட்டுருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். அவன் மறுபேச்சுப் பேசாமல் மிதித்தான். பின் சீட்டில் ஒருத்தி இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். மழை பிடித்தது. ஓடைப் பாலத்தில் லோடு லாரி ஒன்று குறுக்கே நின்று, அரை மணி நேரத்தைத் தின்றது.

நல்லகாலம், விண்ணப்பம் போட்டபோதே இருவருடைய சான்றிதழ்களையும் அழகுமீனா போட்டோ எடுத்துப் போனில் வைத்திருந்தாள். ஆனால் அவற்றை வாரியம் கேட்கிற அளவுக்குச் சுருக்கி ஏற்றுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும். கருவேலங்காடு தாண்டி ஒரு கோடு சிக்னல் வந்ததும் புது முகவரியைத் திறந்தாள். தலைப்புகள் மட்டும் வந்தன. முதல் வரி: சான்றிதழ் பதிவேற்றம், இன்று மாலை 5.45 வரை. அதற்குக் கீழே இரண்டாம் வரி.

கூடுதல் பட்டியல் வெளியீடு. இவர்களுக்கும் கடைசி நேரம் அதுவே.

அவள் கட்டைவிரல் அந்த வரிக்கு மேலே போய் நின்றது. ஆறு நாளுக்கு முந்தைய தேதி போட்டிருந்தது. அதைத் திறந்து, தன் நம்பர் அதில் இருந்தால்? இருந்தால் தான் என்ன செய்வோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் முத்துச்செல்வி, மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழகுமீனா விரலை எடுத்துவிட்டாள்.

கடைக்குள் நுழையும்போது மணி ஐந்தேகால். மழைக்குக் கரண்ட் போயிருந்தது. கடைக்காரர் லட்சுமிகாந்தம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் எழுந்தே விட்டார்.

"இன்வெர்ட்டர்ல ஒரு சிஸ்டம்தான் ஓடும். அதுவும் எம்புட்டு நேரம் தாங்கும்னு சொல்ல முடியாது. நெட்டு வேற இன்னைக்கு நத்தையா ஊருது. ஒருத்தருக்கு ஏத்தவே அரை மணி நேரம் ஆயிரும். யாருக்கு?"

அழகுமீனா வாய் திறக்க ஒரு நொடி ஆனது. வெறும் ஒரு நொடி. ஆனால் அந்த நொடிக்குள் பதினாறு வருஷமும் வந்து போனது. விடியக்காலைச் சோற்றுத் தூக்குவாளியும், எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத மருந்து வெள்ளிப்பொடியும், ஒவ்வொரு சத்தத்துக்கும் நின்று போகிற நெஞ்சும். நானும் இதிலிருந்து போகணும், எனக்கும் போகணும் என்று உள்ளே ஒருத்தி கதறினாள்.

"இவளுக்கு" என்றாள். "இவ நம்பரு பட்டியல்ல இருக்கு. இவளுக்குத்தான்."

போனை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண், சாதிச் சான்று, தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. ஒன்று ஏறினால் அடுத்தது நடுவழியில் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து. ஐந்து முப்பத்திரண்டு. தமிழ் வழிச் சான்று பெரிதாக இருக்கிறது என்று துப்பியது. சுருக்கி மறுபடி போட்டார். ஐந்து முப்பத்தொன்பது. முத்துச்செல்வியின் பட்டன் போனுக்கு ரகசிய எண் வரவேண்டும், வந்து தொலையவில்லை. அவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி ரோட்டு நடுவில் போய் நின்றாள். "வந்துருச்சு! வந்துருச்சு மதினி!" என்று அங்கிருந்தே இரைக்க இரைக்க ஆறு எண்ணையும் கத்தினாள். லட்சுமிகாந்தம் தட்டினார். சக்கரம் சுற்றியது. சுற்றியது. அழகுமீனா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

ஐந்து நாற்பத்து நாலுக்குப் பச்சையாக ஒரு வரி வந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.

முத்துச்செல்வி ஈரச் சேலையோடு வந்து அவள் மேல் விழுந்தாள். "நீங்க இல்லாட்டா நான் இன்னைக்கு இல்ல மதினி" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். பதினோரு நாள் ஏமாற்றிய இவளைப் பார்த்து அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னது. அழகுமீனாவும் அழுதாள்.

"இரு, டீ சொல்லிட்டு வாறேன்" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்கு வந்தாள். மணி ஐந்து நாற்பத்தெட்டு. இனிமேல் பார்த்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதனால் பார்க்கலாம் என்று கைக்குத் தைரியம் வந்துவிட்டது. கூடுதல் பட்டியலைத் திறந்தாள். நம்பர்கள் வரிசையாக இறங்கின. அவள் நம்பரின் கடைசி நாலு எண் 4417. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

4409. 4412. 4417.

மூன்று தடவை பார்த்தாள். பக்கத்தை மூடித் திறந்து நாலாவது தடவையும் பார்த்தாள். இருந்தது. ஆறு நாளாக அங்கேயே இருந்திருக்கிறது. தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள். கத்தி அழக்கூட முடியவில்லை, உள்ளே இருப்பவளுக்குக் கேட்டுவிடும்.

"என்ன மதினி, டீ சொல்லலையா?" என்று முத்துச்செல்வி தலையை நீட்டினாள்.

"கடை சாத்திட்டாகட்டி" என்றாள் அழகுமீனா.

மறுநாள் விடியக்காலையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, வாரியத்தின் புது முகவரியை ஓடையில் சேர்த்தாள். மற்ற பெண்களும் அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறார்களே, அவர்களுக்காவது வேண்டாமா? சேர்த்ததுதான் தாமதம், பதினோரு நாளாக வராத அத்தனையும் ஒரே மூச்சில் மடமடவென்று வந்து விழுந்தன. சிவப்புப் புள்ளி போய்விட்டது.

வேனில் எல்லாரும் முத்துச்செல்வியைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை உத்தரவு கைக்கு வருகிறவரை அவளும் இங்கேதான், ஆனால் முகத்தில் இப்போதே ஒரு தெளிச்சல். "வாசிங்க மதினி" என்றாள் வழக்கம்போல.

அழகுமீனா வாசித்தாள். விடைக்குறிப்பு வெளியீடு. தட்டச்சுத் தேர்வுத் தேதி. சான்றிதழ் பதிவேற்றக் கடைசி நாள். அடுத்த வரியில் கண் போய் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதற்கும் அடுத்த வரியை வாசித்தாள்.

முத்துச்செல்விதான் கேட்டாள். "மதினி, அந்தக் கூடுதல் பட்டியலு? அது வந்துச்சா?"

வேனில் இருந்த மற்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும், அவள் எதற்காகத் தினம் அந்தப் போனைத் திறக்கிறாள் என்று.

"ஒண்ணும் வரலட்டி" என்றாள் அழகுமீனா. "வராதது நல்லதுதான்."

வேன் கேட்டில் நின்றது. அவள் போனை இருளாண்டி அண்ணாச்சியிடம் கொடுத்தாள். அவர் அதை மரப்பெட்டியில் வைத்துவிட்டு, "ஏத்தியாச்சாம்மா?" என்று கேட்டார்.

"ஏத்தியாச்சு அண்ணாச்சி" என்று சொல்லி, டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மருந்து அறையைப் பார்த்து நடந்தாள்.