மாப்பிள்ளை பெயர்த்த செண்பகம்

தங்கையின் கணவர் சென்ட் வியாபாரி. அவருக்கு மூக்கு வேலை செய்யாது. சின்ன வயதிலிருந்தே அடைப்பு. இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் பயனில்லை. இது கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், வாங்க வருகிறவர்களுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வகை வாசனை விற்கும் மனிதர், எந்தப் பாட்டிலில் எது இருக்கிறது என்பதை லேபிளைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். நர்சரி வைத்திருந்த அக்காவுக்கு அவர்மேல் இருந்த இளக்காரத்துக்கு இது ஒன்றே போதும். அவர் போடும் வெள்ளை ஷூ, எந்தப் பேச்சையும் "என்னைக் கேட்டா..." என்று தொடங்குவது, ஒரு செடியைப் பார்த்தால் இலையைக் கிள்ளிக் கசக்கிப் போடுவது எல்லாம் அதற்கு மேல்.

நர்சரி, நகரம் முடிந்து லாரி ஷெட்டுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது. அப்பா விட்டுப்போன நிலம். சரிபாதியாகப் பிரித்தபோது அளக்க வந்தவர் டேப்பை இழுத்துக் கல் நட்டார். பெரிய செண்பகமரம் இரண்டு சாண் வித்தியாசத்தில் தங்கையின் பக்கம் போனது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. தங்கையின் பாதி வெறுமனே கிடந்தது. அக்கா எப்போதும்போல அந்த மரத்தில் ஏணி சாய்த்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பிழைப்பே அந்த மரம்தான். கொத்துக் கொத்தாகக் காய்த்து வெடிக்கும்போது, பறவைகள் முந்திக்கொள்வதற்குள் விதையை எடுத்துவிட வேண்டும். சிவப்புச் சதையை மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் விதைக்குள் இருக்கும் எண்ணெய் காறி, முளைக்காது. முளைக்கவே இரண்டு மாதம். முளைத்ததை நிழல்வலைக்குக் கீழே ஒன்றரை இரண்டு வருடம் வளர்த்து, அதன் தலையை வெட்டி, பெரிய மரத்தின் குச்சியை வைத்து ஒட்டுக்கட்டினால் மூன்றாம் வருடம் பூ. விதைச்செடியை அப்படியே வளர்த்தால் எட்டு வருடமோ பத்து வருடமோ. அவள் கட்டிய ஒட்டுச்செடிகள் எத்தனையோ வீட்டு வாசலில் பூத்துக்கொண்டிருந்தன. தனக்கென்று ஒன்றைக்கூட அவள் வைத்துக்கொண்டதில்லை. மரமே பக்கத்தில் இருக்கும்போது எதற்கு?

ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை காரில் வந்து இறங்கினார். கூடவே தங்கையும். வழக்கம்போல ஒரு ரோஜா இலையைக் கிள்ளிக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்.

"அண்ணி, புது ஷோரூம் கட்டி முடிச்சாச்சு. நடுவுல ஒரு முற்றம் விட்டிருக்கேன். மேல கண்ணாடிக் கூரை. என்னைக் கேட்டா, அங்க ஒரு உயிருள்ள மரம் நிக்கணும். நம்ம செண்பக சென்ட்தான் நல்லா போகுது. அதனால செண்பகம்."

"வைங்களேன் மாப்பிள்ளை. நல்லதா ஒரு ஒட்டுக்கன்னு எடுத்துத் தரேன்."

"கன்னா? கன்னை வச்சு நான் என்ன பண்றது, காவல் காக்கவா? திறப்பு விழா அடுத்த மாசம். வர்றவங்க அண்ணாந்து பாக்கணும்." அவர் அண்ணாந்து காட்டினார். விரல் பெரிய மரத்தின் உச்சியில் போய் நின்றது. "இது எங்க பக்கம்தானே இருக்கு?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"நேத்துதான் சொன்னாரு. உன்னைக் கேட்டுட்டுத்தான் செய்யணும்னு நான் சொன்னேன்க்கா. அதான் வந்திருக்கோம்."

"அதான் கேக்குறேன் அண்ணி," என்றார் மாப்பிள்ளை. "மரம் எடுக்குறதுக்கு ஏதாச்சும் முறை இருக்கா? நீங்க இதுலயே கொட்டை போட்டவங்க."

முறை இருந்தது. முதலில் மரத்தைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் அரைவட்டமாகக் குழி வெட்டி, வேரை நறுக்கி, மக்கிய இலையைப் போட்டு மூடிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் புது வேர் விட்ட பிறகு மறு பக்கம். அதற்கும் ஆறு மாதம். அப்புறம்தான் தூக்க வேண்டும். செண்பகத்தின் வேர் சதைப்பற்றாக, வெள்ளரிப்பிஞ்சு மாதிரி பட்டென்று ஒடியும். முறையாகச் செய்தாலே பிழைக்கப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

அக்கா அந்த வெள்ளை ஷூவைப் பார்த்தாள். கசக்கிய ரோஜா இலை அதன் மேல் விழுந்து கிடந்தது.

"உங்களுக்குத் தெரியாததா மாப்பிள்ளை? இருபத்திரண்டு பூவைப் பாட்டில்ல அடைச்சவரு. ஒரு மரத்தை எடுத்து வைக்கிறது உங்களுக்கு என்ன பெரிய காரியம்?"

கேலி அவருக்கு உறைக்கவில்லை. அவர் பூரித்துப்போனார். "நானும் அதைத்தான் நினைச்சேன்," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த வாரம் கிரேன் வந்தது. நாலு பேர் மரத்தைச் சுற்றிக் கடப்பாரையால் குத்தி, ஒரு கல்யாண அண்டா அளவுக்கு மண்ணை விட்டுவிட்டு மற்ற வேரையெல்லாம் வெட்டினார்கள். மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு போனில் படம் எடுத்தார். அக்கா தன் பக்கத்துக் கல்லுக்கு இந்தப்புறம் கைகட்டி நின்றாள்.

கிரேன்காரர் வயதானவர். பெல்ட்டை மாட்டுவதற்கு முன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்து, அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, பூ மொட்டு வச்சிருக்கிற மரம். வேரே இல்லாம தூக்கச் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அவங்க மரம். அவங்க இஷ்டம்."

"நான் கம்பத்தைத் தூக்குற ஆளு. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

கிரேன் உறுமியது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் ஆணிவேர் முறிகிற சத்தம் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் மாப்பிள்ளை, "ஜோரு! அப்படியே தூக்குப்பா!" என்று கை தட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். படட்டும், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம் என்றிருந்தது.

ஷோரூமின் முற்றத்துக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். அதன் சிமெண்ட் கூரைமேல் முழங்கால் ஆழத்துக்கு மண் கொட்டி, மரத்தை நிறுத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் இலை தொங்கியது. பத்தாம் நாள் பழுப்பாகிக் கொட்டத் தொடங்கியது. மொட்டெல்லாம் கருகியது. மாப்பிள்ளை உரம் போடச் சொன்னார். பிறகு தண்ணீரை நிறுத்தச் சொன்னார். பிறகு இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னார். கார் நிறுத்தும் தளத்தில் ஒழுகியது.

திறப்பு விழாவுக்கு அக்கா போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. அந்த ஒரு காட்சியைப் பார்க்கத்தான் அவள் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட புடவை கட்டி, தலையை வாரி, நேரத்துக்கு முன்பே போய் முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

மொட்டைக் கிளைகளில் மஞ்சள் பூக்கள் நிறைந்திருந்தன. பிளாஸ்டிக். இலைகளும் பிளாஸ்டிக், பச்சை நிறம் கண்ணைக் குத்தியது. ஏணிமேல் நின்று ஒரு விற்பனைப் பெண் பாட்டிலை எடுத்துப் பூவுக்கு ஒரு பீச்சு பீச்சிக்கொண்டே போனாள். அது மருந்துக்கும் செண்பகம் இல்லை. எறும்புப் பவுடரில் சர்க்கரையைக் கலந்த மாதிரி ஒரு நெடி. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா கண்ணை மூடி மூச்சை இழுத்து, "அடேயப்பா, என்ன வாசனை! நிஜப் பூன்னா நிஜப் பூதான்," என்றாள்.

"நம்ம சொந்தத் தோட்டத்து மரம்மா," என்றார் மாப்பிள்ளை. "பிள்ளை மாதிரி வளர்த்தது."

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தியும் அடங்கவில்லை, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குத் தங்கை அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எதுக்கு இப்படிச் சிரிக்கிறே?"

"பிள்ளை மாதிரி வளர்த்தாராம்டி! பொணத்துக்கு சென்ட் அடிச்சு வச்சிருக்காரு உன் புருஷன். அந்தம்மா மோந்து பாத்து சொக்கிப் போறா. மூக்கில்லாத கடைக்காரனுக்கு மூளையில்லாத வாடிக்கை. நல்ல பொருத்தம்."

"பொணம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"பெல்ட் போடுறப்பவே தெரியும். முறையா எடுத்தா ஒரு வருஷம் ஆகும். குழி வெட்டி, வேர் விடவச்சு..."

அவள் பாதியிலேயே நிறுத்தினாள். தங்கை அசையாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு முட்டாள்க்கா. பதினாலு வருஷமா அவரோட குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா? ஆனா அந்த முட்டாள் உன்கிட்ட வந்து, எப்படி எடுக்கணும்னு கேட்டாரு. உனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீ சொல்லல. ஒரு வருஷம் ஆகும்னு சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு நிறுத்தியிருப்பேன். அவரு முட்டாள்னு ஊருக்குக் காட்டணும்னு ஒரு மரத்தையே குடுத்துட்டியே."

"நான் சொன்னா கேட்டிருப்பாரா?"

"கேட்டிருக்க மாட்டாரு. நான் கேட்டிருப்பேன்ல?"

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். வந்தவர்களுக்குக் குளிர்பானம் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் திறந்திருந்த பெட்டியில் மிச்சப் பிளாஸ்டிக் பூக்கள் கிடந்தன. அத்தனை நாளும் மாப்பிள்ளைமேல் காறித் துப்பிக்கொண்டிருந்த வெறுப்பு, போக்கிடம் இல்லாமல் அவள் பக்கமே திரும்பியது. நாற்பது வருடம் சோறு போட்ட மரம். அது செத்து நிற்பதை முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்கச் சீவிச் சிங்காரித்து வந்திருக்கிறாள். மாப்பிள்ளை செய்ததாவது தெரியாமல் செய்த தப்பு.

கூட்டம் கலைந்ததும் அவள் ஏணியைக் கேட்டு வாங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தில் ஏறி, பிளாஸ்டிக்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, சின்னக் கிளைகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பல இடத்தில் பழுப்பு. உச்சியில், கண்ணாடிக்குப் பக்கத்தில், சில கிளைகளில் தோலுக்கடியில் இன்னும் பச்சை இருந்தது. மாப்பிள்ளை கீழே ஓடி வந்தார்.

"அண்ணி, என்ன பண்றீங்க? அலங்காரம் போயிடும்!"

"மாப்பிள்ளை, ஒரு கத்தியும் ஈரத்துணியும் குடுங்க. பேசாம குடுங்க."

அந்தக் குரலுக்கு அவர் கொடுத்துவிட்டார். அறுபது குச்சிகள் தேறின. ஈரத்துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, அன்று மாலையே ஒட்டுக்கட்ட உட்கார்ந்தாள். நிழல்வலைக்குக் கீழே இரண்டு வயது விதைச்செடிகள் இருந்தன. தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரிச் சீவிச் செருகி, நாடா சுற்றி, ஒவ்வொன்றின்மேலும் பாலிதீன் உறையைக் கவிழ்த்தாள். மறுநாள் மதியம்வரை ஆனது. வாடிய குச்சி எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அறுபதையும் கட்டினாள்.

ஒரு மாதத்தில் நாற்பதுக்குமேல் கறுத்துப்போயின. அப்புறம் இன்னும் சில. பதினொன்று துளிர்த்தன.

இதற்குள் மாப்பிள்ளை மரத்தை அறுத்து, அந்தப் பொன் நிறப் பலகையில் தனக்கொரு மேசை செய்துகொண்டார். மேசை நன்றாகவே இருந்தது. மரத்தைக் கொன்றதிலும் அவருக்கு ஒரு லாபம் கிடைத்துவிட்டதே என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அசல் செண்பகம் அண்ணி, தட்டிப் பாருங்க," என்றார். அவள் தட்டிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் மழைக்கு முன்னால், அவள் ஒரு ஒட்டுச்செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போனாள். சொல்லிவிட்டுப் போகவில்லை. மாப்பிள்ளை வாசலில் செருப்பில்லாமல் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி. ஓ, செண்பகமா? என்னைக் கேட்டா, மாடியில தொட்டியில வைக்கலாம்."

"உங்களைக் கேக்கல மாப்பிள்ளை. தொட்டியில வச்சா சாகும். தண்ணி தேங்குற இடத்துல வச்சா சாகும். முதல் ரெண்டு வருஷம் உச்சி வெயில் நேரா பட்டாலும் சாகும். வேர்ல கடப்பாரை பட்டாலும் சாகும். ஒட்டுக்குக் கீழ துளிர்க்கிறதைக் கிள்ளி விடணும், இல்லேன்னா மேல இருக்கிறது செத்துடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் அவர், பேப்பரில் ஒரு கண்ணோடு.

புரிந்திருக்காது. எட்டு ஜென்மம் எடுத்தாலும் புரியாது. அவள் முதலிலிருந்து மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். பிறகு பேப்பரைப் பிடுங்கித் திண்டில் வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள். சமையலறை ஜன்னலிலிருந்து தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வெட்டினார். நாலு வெட்டுக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஒரு சாண் ஆழம் வந்ததும், "போதுமா அண்ணி?" என்றார்.

"பூனைக்குப் போதும். இன்னும் வெட்டுங்க."

அவர் மூச்சு வாங்க வெட்டிக்கொண்டே இருந்தார். அக்கா குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, மண்ணிலிருந்த கல்லைப் பொறுக்கி ஒரு பக்கமாகப் போட்டாள்.