சாப்பாட்டு ஹாலில் ஒரு பூ

மொட்டு விரிந்துவிட்டதைத் தண்ணீர் டேங்க்கின் மூடியைத் திறக்கப் போகிற வழியில்தான் சரசு பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலம் வரை அது ஊதி முடிச்சுப் போட்ட பலூன் மாதிரி இருந்தது. இப்போது ஐந்து தையல்களும் பிரிந்து, இதழ்கள் பின்னால் வளைந்து, தொட்டியின் விளிம்பில் ஒரு பெரிய நட்சத்திரம் மல்லாந்து கிடந்தது. சப்பாத்தி அகலம் இருக்கும். வெளிர் மஞ்சள் தோலில் குறுக்குக் குறுக்காக மெல்லிய சிவப்பு வரிகள். ஓரமெல்லாம் வெள்ளை முடி, பூனைக்குட்டியின் காதில் இருப்பது போல. தொட்டால் பூ மாதிரியே இல்லை, ஈரத் தோல் மாதிரி இருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து, கீழே இட்லிப் பானை அடுப்பில் இருப்பதை மறந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஈஜிபுராவில் பியாட்ரிஸ் நடத்தும் லேடீஸ் பி.ஜி. விடுதியின் மொட்டை மாடி அது. சரசு அங்கே சமையல்காரி. டேங்க்கை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, வேலையோடு சேர்த்துக் கொடுத்தது. ஒக்கலிபுரத்தில் பிறந்து, ரயில் சத்தத்திலேயே வளர்ந்து, கணவன் போய், மகள் வீணாவை ஹெப்பகோடியில் கட்டிக் கொடுத்த பிறகு, சொந்தம் என்று அவளுக்கு இருந்தது அந்த அறையும் அதன் வாசலில் வரிசையாக நின்ற தொட்டிகளும்தான். பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, ஐஸ்கிரீம் பக்கெட் எல்லாமே தொட்டிதான். பாம்புத் தோல் மாதிரி வரியோடிய இலை, அடியில் ஊதாவும் மேலே வெள்ளிக் கோடுமாகப் படரும் கொடி, சுழி சுழியாகச் சுருண்ட பிகோனியா, மணி மணியாகத் தொங்கும் ஒன்று. மாடிச் சுவரில் கை ஊன்றி நின்றால் மேம்பாலத்தின் தூண்களும், தூண்களுக்கு அப்பால் கோரமங்களா பக்கத்து அபார்ட்மென்ட்களும், அவற்றுக்கு நடுவே எப்படியோ தப்பி நின்ற ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் குடையும் தெரியும். அந்த மரத்தின்மேல் பருந்துகள் வட்டமடிக்கும். சமையல் முடிந்த மத்தியானங்களில் அவள் சினிமா பார்ப்பது போல அதைப் பார்ப்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடுதிப் பிள்ளைகள் தாமதமாக எழுந்து நிதானமாகச் சாப்பிடும் நாள். இதை அவர்கள் பார்க்கட்டும் என்று தோன்றியது. தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, சாப்பாட்டு ஹாலில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள். இலையே இல்லாமல் விரல் விரலாக நிற்கும் அந்தச் செடிக்கு நடுவில் பூ கம்பீரமாக இருந்தது. முன் வரிசை மேசையில் தண்ணீர் ஜக்கு மறைக்கிறது என்று ஜக்கைக்கூட நகர்த்தி வைத்தாள். பிறகு சட்னிக்குத் தேங்காய் உடைக்கப் போனாள்.

வெயில் ஜன்னலுக்கு வந்த பிறகுதான் ஆரம்பித்தது. முதலில் வந்த இரண்டு பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்கே திரும்பிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவள் லாவண்யா, திருச்செங்கோட்டுக்காரி, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாசலிலேயே நின்று துப்பட்டாவை மூக்கில் அழுத்தினாள்.

"அக்கா, எலி கிலி செத்துருச்சுங்களா? கொடலப் பொரட்டுதுங்க்கா."

சரசுவின் கை உரித்துக்கொண்டிருந்த பூண்டோடு அப்படியே நின்றது. பிறகு மூக்கை ஒருமுறை பலமாக உறிஞ்சினாள். உள்ளே போனது காற்று, வெறும் காற்று.

"ஆமா பாப்பா, லேசா வருது. நானும் காலையிலேர்ந்து பாக்கறேன்."

கொரோனா இரண்டாவது முறை வந்த வருடத்தில் எல்லாருக்கும் வாசனை போனது போலத்தான் அவளுக்கும் போனது. எல்லாருக்கும் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. நாக்கில் உப்பும் புளிப்பும் காரமும் மட்டும் மிச்சமிருந்தன. ரசத்துக்குப் பெருங்காயம் போடுவது கண் அளவாக மாறியது. வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தால் போதும், எண்ணெய் எப்போது ஓரத்தில் பிரிகிறது, கடுகு எந்த வேகத்தில் வெடிக்கிறது, பருப்பு அடிபிடிக்கப் போகும்போது கொதிக்கிற சத்தம் எப்படிக் கனமாகிறது, எல்லாவற்றையும் கண்ணாலும் காதாலும் பிடித்து வைத்தாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. வாசனை தெரியாத சமையல்காரியை எந்த பி.ஜி.யிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் மகளிடம்கூடச் சொல்லவில்லை. மாடியில் வைத்திருந்த ஜாதிமல்லியையும் மரிக்கொழுந்தையும் எதிர் வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நிற்பது, ஊமையாகிப்போன சொந்தக்காரியோடு குடித்தனம் செய்வது போல இருந்தது. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் பார்ப்பதற்கான செடிகள்.

வாசனை தெரியாதவள் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க, தேடுவதில் அவளே முந்திக்கொண்டாள். ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னாள். அரிசி டிரம்மை உருட்டிப் பார்த்தாள். பியாட்ரிஸ் சர்ச்சிலிருந்து பட்டுப் புடவையும் கைப்பையுமாக வந்தபோது ஹால் முழுக்க சாமான்கள் கவிழ்ந்து கிடந்தன.

"ஜீசஸ்! என்ன நாத்தம் இது? சரசு, எங்கேர்ந்து வருது?"

"சிங்க்குக்குக் கீழ மேடம். அங்கதான் ஜாஸ்தியா அடிக்குது," என்றாள் சரசு. வாயில் வந்ததைச் சொன்னாள்.

பிளம்பர் வந்தான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டதற்கு முகத்தைச் சுளித்தவன், உள்ளே நுழைந்ததும் வேறு காரணத்துக்காக இன்னும் சுளித்தான். "இலி சத்தோகிதெ மேடம், கேரன்டி," என்று கன்னடத்தில் எலிக்கு மரணச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு, குழாயைக் கழற்றினான். சாக்கடைத் தண்ணீர் ஹாலில் ஓடியது. எலி இல்லை.

துடைக்கத் துணி எடுக்கப் போனபோதுதான் சரசு ஜன்னலைப் பார்த்தாள். பூவின்மேல் ஈக்கள். பச்சை மினுங்கும் பெரிய ஈக்கள், கறிக்கடையில் மொய்க்கிற ஜாதி. மல்லிகைக்கு எந்த நாளும் ஈ வந்து அவள் பார்த்ததில்லை. துணியால் விசிறிவிட்டுக் குனிந்தாள். பூவின் நடுக்குழியில் ரவையைத் தூவிய மாதிரி வெள்ளை வெள்ளையாக முட்டைகள். ஓர் ஈ திரும்பி வந்து, அவள் முகத்துக்கு முன்னாலேயே இறங்கி, வயிற்றைத் தோய்த்துத் தோய்த்து இன்னும் வைத்தது. இறைச்சி என்று நினைத்து வைக்கிறது.

செடியைக் கேட்டு வாங்கினால் பிடிக்காது, கிள்ளிக்கொண்டு வந்தால்தான் பிடிக்கும் என்று அவளுக்கும் அவளைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு நம்பிக்கை. இதை ஹெப்பகோடியில் வீணா வீட்டுத் தெருவில், ஒரு காம்பவுண்டு சுவரின் மேலிருந்து ஒரு விரல் ஒடித்து, கைக்குட்டையில் சுற்றி, ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். கேட்டிருந்தால் அந்த வீட்டுக்காரி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். செடியை ஏன் வாசலில் வைக்காமல் காம்பவுண்டு சுவரின் மேல் தள்ளி வைத்திருக்கிறாள் என்று அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

பிளம்பரின் கால்கள் சிங்க்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பியாட்ரிஸ் அவனிடம் எதையோ கத்திக்கொண்டிருந்தாள். சரசு தொட்டியைத் தூக்கி, முந்தானையால் பூவை மூடி, மாடிப்படி பக்கம் நடந்தாள். மேலே கொண்டு போய்விட்டால் நாற்றம் தானாகப் போய்விடும், எலி எங்கோ போய்விட்டது என்று ஆகிவிடும். முதல் திருப்பத்தில் லாவண்யா இறங்கி வந்தாள்.

"ஐயையோ!" என்று அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அக்கா, கையில என்னங்க அது? அதுலருந்துதான் வருது!"

"ஒண்ணுமில்ல பாப்பா, செடி."

லாவண்யா முந்தானையை விலக்கிப் பார்த்தாள். உடனே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் படம் எடுத்துத் தேடினாள். "பாருங்க, பிணப்பூவாமா. ஈயைக் கூப்பிடறதுக்கே செத்த மாமிசம் மாதிரி வாசம் விடுமாமா. ஆன்ட்டி! எலி கெடைச்சிருச்சு! வாங்க!" பிறகு சிரிப்பு சற்று நின்றது. "ஏனுங்க்கா, காலையிலருந்து இதுக்குப் பக்கத்துலயேதான நின்னுட்டு இருந்தீங்க? இப்பக்கூட மூஞ்சிக்கு நேரா புடிச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?"

ஹாலிலிருந்து பியாட்ரிஸ் வந்து படியின் அடியில் நின்றாள். புடவையை ஈரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு சரசுவின் முகத்தைப் பார்த்தாள். எல்லாரும் மூக்கைப் பொத்தியிருந்த அந்த இடத்தில் சரசு மட்டும் இரண்டு கையாலும் தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேல கொண்டு போய் வை," என்றாள் பியாட்ரிஸ்.

சாயங்காலம் பியாட்ரிஸே மாடிக்கு வந்தாள். மூட்டு வலிக்காரி, மாடி ஏறியே பல மாதம் ஆகியிருக்கும். மூச்சு வாங்கியது. காற்று வரும் திசையைப் பார்த்துத் தள்ளி நின்றுகொண்டாள்.

"எப்போலேர்ந்து?"

"எது மேடம்?"

"சும்மா இரு சரசு."

"கொரோனாலேர்ந்து."

"எனக்கும்தான் போச்சு. வந்திடுச்சே."

"எனக்கு வரல மேடம். ஆஸ்பத்திரில காட்டினேன். வரும் வரும்னாங்க."

பியாட்ரிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பால் திரிஞ்சா?"

"காய்ச்சினா தெரிஞ்சிடும்."

"பருப்பு அடிபிடிச்சா?"

"சத்தம் மாறும்."

"கேஸ் லீக்கானா? அதுக்கு இன்னா சத்தம்?"

"நைட்டு சிலிண்டர மூடிட்டுத்தான் மேல வருவேன். காலையில ஜன்னல், கதவு எல்லாம் தொறந்து வெச்சிட்டு, வெளிய நின்னுட்டு அப்புறந்தான் பத்த வெப்பேன். ஒரு நாள் மறந்ததில்ல."

"மறந்தியா இல்லையான்னு உனக்கு எப்படிடீ தெரியும்? பொண்ணுங்க தூங்கறாங்க கீழ. என்ன நம்பி வுட்டுட்டுப் போயிருக்காங்க அவங்க அப்பா அம்மா." குரல் உயர்ந்து, தானே தணிந்தது. "மூக்கு போனது கர்த்தர் காரியம். அத நான் கேக்கல. சிங்க்குக்குக் கீழ வருதுன்னு சொன்ன பாரு, அதான் எனக்கு மனசுல நிக்குது. இத்தன வருஷம் சாம்பார் ரெடியா, வாசன வந்திடுச்சான்னு நான் கேப்பேன். வந்திடுச்சு மேடம்னு நீயும் சொல்லுவ."

வேலையை விட்டால் இந்த அறை இல்லை. அறை இல்லாமல் இத்தனை தொட்டிகளையும் ஹெப்பகோடியில் மகளின் ஒற்றை ரூமில் எங்கே வைப்பது என்ற கணக்கு சரசுவின் மனதில் ஓடியது. அது வெட்கமாகவும் இருந்தது. இந்த அம்மாள் உயிரைப் பற்றிப் பேசுகிறாள், தான் தொட்டியைப் பற்றி யோசிக்கிறோம்.

பியாட்ரிஸ் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ஊதாக் கொடியின் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"மல்லிச் செடியத் தூக்கிக் குடுத்தப்போ, உனக்குத் திமிரு வந்திடுச்சுன்னு நெனச்சேன். பெரிய வீட்டுக்காரங்க மாதிரி எலயா வெக்கறாளேன்னு." இலையைக் கையிலிருந்து விட்டாள். "அதுக்காகத்தானா?"

"ம்."

"நல்லாத்தான் இருக்கு." பிறகு பிணப்பூவின் பக்கம் கையை நீட்டினாள். அதன் அடியில், விரல்களுக்கு இடையில், இன்னொரு மொட்டு சின்னப் பையாகத் தொங்கியது. "இன்னொண்ணா? கடவுளே. இது எப்போ வெடிக்கும்?"

"இந்த வாரக் கடைசில."

"அதுக்குள்ள யோசிச்சு சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

சரசு தொட்டியை டேங்க்குக்குப் பின்னால், காற்று ரோட்டுப் பக்கம் அடிக்கும் மூலைக்கு நகர்த்தினாள். ஈக்கள் இருட்டும் வரை வந்துகொண்டிருந்தன. முட்டைகளை ஈர்க்குச்சியால் வழித்துப் போடலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டாள். புழுக்கள் பொரிந்து வந்தாலும் தின்ன அங்கே ஒன்றும் இல்லை.

விடியும் முன் இறங்கி, வழக்கம் போலச் சமையலறைக் கதவையும் இரண்டு ஜன்னல்களையும் திறந்துவைத்து, வெளியே நடையில் நின்றாள். தெருவில் பால் வண்டி போனது. மேம்பாலத் தூணருகே ஒரு நாய் சோம்பல் முறித்தது. உள்ளே போகலாம் என்று திரும்பியபோது, கீழே தன் வீட்டுக் கதவைத் திறந்து பியாட்ரிஸ் வந்தாள். நைட்டியின்மேல் துண்டு, கலைந்த முடி, கண்ணாடி இல்லை. சரசுவைப் பார்க்காமல், அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் நடந்தாள். விளக்கைப் போடவில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் போய், ஒரு கையை மேடையில் ஊன்றி, தலையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள், ஜெபத்தில் நிற்பவள் மாதிரி. மூச்சை இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

வாசலில் லைட்டரைக் கையில் பிடித்தபடி, சரசு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.