சுத்தியல் மறைத்த பள்ளம்

"அந்தப் பாறை அங்க பொறந்ததே இல்ல அத்தான். லாரியில வந்தது."

"மெதுவாப் பேசு, கதவு திறந்திருக்கு."

திறந்துதான் இருந்தது. நிலவியல் பேராசிரியரும், அவரிடமே ஆராய்ச்சி செய்யும் கொழுந்தியாளும் போட்ட சத்தம் எதிர்வீட்டு அடுப்படிவரை தெளிவாகக் கேட்டது.

மலையடியில், இரண்டு கிழட்டுக் கண்டங்களுக்கு நடுவே நசுங்கி மடிந்த பாறைப் பட்டை ஒன்று கிடக்கிறது. நூற்றெண்பது கோடி வருஷத்துக்கு முன் அவை முட்டிக்கொண்டதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பிறகு பிரிந்து, இடையில் கடல் புகுந்து, ஐம்பது கோடி வருஷத்துக்கு முன் மறுபடி முட்டின என்றவர் நம் பேராசிரியர் ஒருவர்தான். சாலை வளைவில் அவர் துண்டு உடைத்தெடுத்த ஒற்றைப் பாறைதான் ஆதாரம். பதவி, மேடை, கைதட்டல் எல்லாம் அது போட்ட பிச்சை.

கொழுந்தியாள் பட்டை முழுக்க ஏறி இறங்கிப் பொறுக்கிய கற்களில் இரண்டாவது மோதலின் வாடையே இல்லை. நீ கல் அரைத்த இடம் சுத்தமில்லை, வேறு தூள் கலந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லியே அவள் ஆய்வைத் திருப்பி அனுப்பினார். கூடப் படித்தவர்கள் பட்டத்தோடு போய்விட்டார்கள். இவள் மட்டும் ஆய்வகமே கதியென்று கிடந்தாள். இப்போது சாலையை அகலமாக்க வந்த இயந்திரம் அந்தப் பாறையைப் புரட்டிவிட்டது. அடியில் தார்க்கட்டியும் நசுங்கிய பிளாஸ்டிக் வாளியும். மண் சரியாமலிருக்க எவனோ கொண்டுவந்து கொட்டிய கல்.

"ஓரத்துல, குவாரியில வெடிக்குத் துளை போட்ட பள்ளம் இருக்கு," என்றாள். அவள் குரல் இப்போது தணிந்திருந்தது. "உங்க போட்டோவுல, அளவு காட்ட சுத்தியலைச் சரியா அதுமேலதான் வெச்சிருக்கீங்க."

படம் எடுத்த அன்று பள்ளத்தைப் பார்த்ததும், கை தானாகச் சுத்தியலை நகர்த்தியதும் அவர் நினைவில் அப்படியே இருந்தன. சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு நின்றாள். அவர் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்," என்றார் கடைசியில். "அப்பவே தெரியும்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தங்கைக்குச் சோறு போட்ட மனைவி, அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மறுவாரம் துறைக் கூட்டத்தில், ஆசிரியர்கள் முன்னால், அந்தப் பாறையை வைத்து எழுதிய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும் அவள் முடிவுகளே சரியென்றும் வியர்க்க வியர்க்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினார்.

அவள் வேறொரு பேராசிரியரிடம் பட்டம் வாங்கி, ஒரு பல் வைத்தியரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாள். இவர் வேலையை விட்டுவிட்டு, மனைவியோடு கடலோரத்துக்குக் குடிபோனார். மனைவி தங்கை வீட்டுக்குப் போய்வருகிறாளாம். இவர் பேருந்து நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டுத் திரும்பிவிடுவாராம்.