நிர்வாகத்தில் பதினொரு பேர்

விடியற்காலை ஆறு மணிக்கே மூன்றாவது லைனில் வெக்கை கழுத்துவரை ஏறியிருக்கும். சங்கிலியில் தொங்கும் பீங்கான் கைகள் ரப்பர் பாலில் முங்கி, அடுப்பில் வெந்து, விரல் விரித்தபடி வரிசையாக வரும். அவற்றிலிருந்து கையுறைகளை உருவி எடுக்க வேண்டும். ஒன்றைச் சுண்டி இழுத்துக் கூடையில் போடுவதற்குள் அடுத்தது மூக்குக்கு நேரே வந்து நிற்கும். அம்மோனியா நெடியில் கண் எரியும், துடைக்க நேரமிருக்காது. தவறவிட்ட கையுறை மறுபடியும் பாலில் முங்கித் தடித்துப்போய் வரும். அதற்குத் திட்டு தனி.

சந்திரமதி பத்தொன்பது வருடமாக அங்கே உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கருப்பாயி. ஐம்பத்தாறு வயது, விரல் முட்டிகள் எல்லாம் வீக்கம். இருவரும் லாயாங் லாயாங் என்ற ஊரில் நாலரை மணி வேனைப் பிடித்து, கூலாய் டவுனுக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தொழிற்சாலைக்கு வருகிறவர்கள்.

போன வருடம் லைனின் வேகத்தைக் கூட்டினார்கள். அதே சுற்றறிக்கையில் வருகைப்படியை வெட்டினார்கள். அப்போதுதான் சங்கம் என்ற பேச்சு எழுந்தது. சந்திரமதி நான்கு மாதம் உறுப்பினர் படிவங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். வேனில், கழிப்பறை வாசலில், நேப்பாளத் தொழிலாளர்களின் விடுதியில், நான்காவது லைன் ரொசித்தாவோடு சூராவ் தொழுகைக்கூடப் படிக்கட்டில் என்று ஓரிடம் விடவில்லை. தொழிலாளர்களில் பாதிக்கு மேல் ஓட்டுப் போட்டால் நிர்வாகம் சங்கத்தை ஏற்றாக வேண்டும். பாதியைவிட நாலே நாலு பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். தொழிலாளர் இலாகா வாக்கெடுப்புக்குத் தேதி குறித்தது.

அந்த நேரம் பார்த்து நிர்வாகத்துக்கு நம்மீது பாசம் பொங்கியது. கையுறை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தது: உங்கள் நிர்வாகத்தில் எந்த இனத்தவர் எத்தனை பேர்? வரவேற்பறைச் சுவரில் ஒன்பது இயக்குநர்களின் படங்கள் இருந்தன, ஒன்றுகூடத் தமிழ் முகமில்லை. பத்தாவதாக விஜயேந்திரனின் படம் ஏறியது. யாழ்ப்பாண வம்சம். தாத்தா ஏதோ எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவராம். கேன்டீனில் மாலை போட்டு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். சந்திரமதியும் கை வலிக்கத் தட்டினாள். நம் ஆள் ஒருவர் மேலே போனால் நம் பேச்சு மேலே எடுபடும் என்று நம்பினாள். அதில் என்ன தப்பு? அவள் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

மறுவாரம் அவர் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். தமிழிலேயே பேசினார்.

“நம்ம பிள்ளைங்க மேல வரணும் சந்திரமதி. பதினொரு பேர எக்செக்டிவ் ஆக்கப் போறேன். யார் நல்லா வேல செய்வாங்க, யார் சொன்னா மத்தவங்க கேப்பாங்க, உங்களுக்குத்தானே தெரியும்? எழுதிக் குடுங்க. உங்க பேர மொதல்ல போடுங்க.”

அவள் உட்கார்ந்து எழுதினாள். நன்றாக வேலை செய்கிறவர்கள், சொன்னால் மற்றவர்கள் கேட்கிறவர்கள். எழுதி முடித்தபோது சங்கத்துக்காக ஓடியாடிய தமிழர்கள் அத்தனை பேரும் அந்தத் தாளில் இருந்தார்கள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பாசத்தில் எழுதினாள். இந்த உலகத்தில் பாசத்தைவிட மலிவாகக் கிடைப்பது எதுவுமில்லை என்று விஜயேந்திரனுக்குத் தெரிந்திருந்தது.

ஆங்கிலத்தில் நான்கு பக்கப் பதவிக் கடிதம் வந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஆண்டறிக்கைக்காக எல்லோருக்கும் கோட் மாட்டிப் படம் எடுத்தார்கள். தாதியர் கல்லூரி விடுதியிலிருந்த மகள் லோஷினிக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டுக் கழிப்பறையில் நின்று அழுதாள். மத்தியானம் கோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதினொரு பேரும் பழையபடி லைனில் நின்று உருவினார்கள். எக்செக்டிவ் என்பதால் ஓவர்டைம் மட்டும் கிடையாது.

எக்செக்டிவ் பதவி சந்திரமதிக்குக் கொடுத்த ஒரே புது வேலை, கருப்பாயியிடம் எச்சரிக்கைக் கடிதத்தைச் சேர்ப்பது. கை மெதுவாகிவிட்டதாம். அது இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போகும்.

“உன் கையாலயா சந்திரா?” என்றாள் கருப்பாயி.

“நான் என்னக்கா செய்வேன், ஆபிஸ்ல குடுக்கச் சொன்னாங்க.”

“கங்காணின்னா தெரியும், தள்ளி நிப்போம். நீ பக்கத்துல நின்னவ லா.”

மறுநாள் வேனில் தன் பக்கத்து இருக்கையில் பையைத் தூக்கி வைத்தாள் கருப்பாயி. “எக்செக்டிவுக்கு வேன் எதுக்கு? கம்பெனி காடி அனுப்பலயா?” வேனே சிரித்தது. சந்திரமதி கூலாய் வரை நின்றுகொண்டே வந்தாள்.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்பு வாக்காளர் பட்டியலை ஒட்டினார்கள். ரொசித்தா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அக்கா, உங்க பேரு இல்ல! தேன்மொழி இல்ல, மனோகரன் இல்ல, பதினொரு பேரும் இல்ல!” என்று மலாயில் கத்தினாள்.

சங்கச் செயலாளர் அந்தோனிப்பிள்ளையைப் போனில் பிடித்தார்கள். அவரும் யாழ்ப்பாண வம்சம்தான். தொழிலாளிகளுக்காக முப்பது வருடம் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்.

“எக்செக்டிவுக்கு தொழிலாளி சங்கத்துல இடமில்லம்மா. ஓட்டும் கிடையாது. மொத்தக் கணக்குல பதினொண்ணு கழிஞ்சாலும், பாதியத் தாண்ட இப்ப ரெண்டு ஓட்டு குறையுது. கையெழுத்துப் போட முந்தி எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?”

“நம்ம ஆள் குடுத்தாரு சார்.”

அவர் வழி சொன்னார்: “பேருக்குத்தான் பதவி, வேல மாறலன்னு ஆட்சேபம் எழுதுங்க. வாக்கெடுப்பு அன்னிக்கு இலாகா அதிகாரி கையில குடுங்க.”

அதற்கு முன் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று சந்திரமதி விஜயேந்திரனிடம் போனாள். இந்தமுறை உட்காரச் சொல்லவில்லை.

“கடிதத்த திருப்பி வாங்கிக்கோங்க சார். பழைய வேலையே எங்களுக்குப் போதும்.”

“பதவிய விட்டா வேலையையும் விடணும். மூணாம் பக்கத்துல இருக்கு, படிக்கலயா?”

“எங்க ஓட்டப் பறிக்கத்தான் பதவியா சார்?”

“இந்த அறைக்குள்ள வர எனக்கு இருபத்திரண்டு வருசம் ஆச்சு. நீங்க திருப்பிக் குடுத்தா, ‘இந்தியர்களுக்குக் குடுத்தோம், வேணாம்னுட்டாங்க’ன்னு சொல்லி கதவ சாத்திருவாங்க. அடுத்த தலைமுறைய யோசிங்க.”

“அடுத்த தலைமுறையும் ஓட்டில்லாம நின்னு உருவணுமா?”

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். “இது யார் எழுத்து? உங்களோடதுதானே? வெளிய தெரிஞ்சா உங்க ஆளுங்களே உங்கள சும்மா விட மாட்டாங்க.”

ஆட்சேபத்தை எழுதி மடித்து வைத்தாள், கொடுப்பதா என்றுதான் தெரியவில்லை. வேலை போனால் லோஷினி பாதியில் படிப்பை விட வேண்டும். தாள் வெளியே வந்தால் அவள் ஊரில் தலைகாட்ட முடியாது.

வாக்கெடுப்பன்று கேன்டீனில் வரிசை நின்றது. பட்டியலில் பெயரில்லாத பதினொரு பேரும் வரிசையில் நின்றார்கள். சந்திரமதி ஆட்சேபக் கடிதத்தை நீட்டினாள். அதிகாரி நிதானமாகப் படித்தார்.

“நீங்களும் இவங்க செய்ற வேலையேதான் செய்றீங்கன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?” என்று மலாயில் கேட்டார்.

வாசலில் நின்ற விஜயேந்திரன் வரிசைக்குக் கேட்கும்படி தமிழில் குரல் கொடுத்தார். “கேளுங்க, கேளுங்க. அந்தப் பதினொரு பேர் யாருன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னும் கேளுங்க.”

சந்திரமதி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

“நாந்தான் எழுதிக் குடுத்தேன். நல்லது நடக்கும்னு நெனச்சேன். எல்லாரையும் நாந்தான் மாட்டிவிட்டேன்.” அதையே மலாயிலும் சொன்னாள்.

தேன்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையின் நடுவிலிருந்து கருப்பாயி மட்டும் விலகி, நேராக நடந்து வந்தாள். அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“பேனாவக் குடு,” என்றாள் சந்திரமதியிடம். பிறகு அதிகாரியிடம் மலாயில் சொன்னாள்: “இவ எக்செக்டிவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நேத்துகூட என் பக்கத்துல நின்னு உருவினா. நான் சாட்சி.” ஆட்சேபக் கடிதத்தின் அடியில் வீங்கிய விரல்களால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது தமிழில் சொன்னாள்: “உன்மேல உள்ள கோவம் அப்படியே இருக்கு. அது வேற.”

ரொசித்தா அடுத்து வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையே கையெழுத்துப் போடத் திரும்பியது.

இன்று வாக்கெடுப்பு நடக்காது, விசாரித்த பிறகே தேதி சொல்ல முடியும் என்றார் அதிகாரி. எப்போது என்று சொல்லவில்லை. விஜயேந்திரன் காவலாளியைக் கூப்பிட்டார்.

“கையெழுத்துப் போடுற ஒவ்வொருத்தர் பேரையும் எழுது. நாளைக்கு எனக்கு வேணும்.”

காவலாளி நோட்டைத் திறந்தார். கருப்பாயி அவர் முன்னால் போய் நின்று, அடையாள அட்டையில் இருப்பதுபோலவே அப்பா பெயரோடு சொன்னாள்.

“கருப்பாயி ஏ-பி முனியாண்டி. மூணாவது லைன். தப்பில்லாம எழுது.”

“ரொசித்தா பிந்தி சாலே. நாலாவது லைன்.”

“பிம் பகதூர். பேக்கிங்.”

“தான் சியூ லிங். தரப் பரிசோதனை.”

காவலாளியின் பேனா பின்தங்கியது. பெயர்கள் நிற்கவில்லை. கேன்டீன் வாசலைத் தாண்டி மழைக்கூரை வரை ஆட்கள் நின்றார்கள். சந்திரமதியும் வந்து நின்றாள்.

“உங்க பேரு அதுல வேணாம்,” என்றார் விஜயேந்திரன். “நீங்க நிர்வாகம்.”

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. காவலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

“சந்திரமதி ஏ-பி கோவிந்தன். மூணாவது லைன். குளோவ் உருவுற வேல.”