கறுப்புக் கொட்டகை முன்னால் ஒரு கடற்காகம்

கணவன் எய்லர்ட் படகை விற்றதிலிருந்து டோருனின் நிம்மதி போயிற்று. முப்பது வருஷத்துக்கு மேல் அவன் வடகோடியில் பாரென்ட்ஸ் கடலில் காட் மீன் பிடித்தவன். ஒரு தடவை கிளம்பினால் வாரக்கணக்கில் வீடு திரும்ப மாட்டான். அந்த நாட்களில்தான் அவள் கேமராவைப் பழகிக்கொண்டாள். இப்போது மனுஷன் காலையிலிருந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் ரொட்டி அறுப்பதற்குக்கூட யோசனை சொல்லிக்கொண்டிருந்தான்.

அவர்கள் ஊரான செய்விக்கின் துறைமுகத்தில் கடற்காகத்துக்குப் பஞ்சமே இல்லை. வெயில் காலத்தில் ஜன்னல் விளிம்பிலெல்லாம் கூடு கட்டி, காரை நாசம் பண்ணி, குழந்தைகள் கையிலிருக்கும் ரொட்டியைப் பிடுங்கும். அதையெல்லாம் டோருன் படம் எடுத்து அலுத்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது வேறு. பனி விழவேண்டும், பஞ்சு பஞ்சாக, காற்றில்லாமல். அதனூடே ஒரு பெரிய வெள்ளைக் கடற்காகம் இறக்கை விரித்துப் பறக்கவேண்டும். பறவையும் வெள்ளை, பனியும் வெள்ளை, வானமும் வெள்ளை என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே அது தார் பூசிய பழைய மீன் எண்ணெய்க் கொட்டகையின் கறுப்புச் சுவருக்கு முன்னால் பறக்கவேண்டும். இத்தனையும் ஒரே நேரத்தில் கூடி வருவது அந்த ஊரில் சாமானியமில்லை. அங்கே பனி மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து முகத்தில் அறையும்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, ஜன்னல் திரையை விலக்கியவள் அப்படியே நின்றாள். காற்று செத்துக் கிடந்தது. பனி நேராக, நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தம் காட்டாமல் கம்பளிச் சட்டையை மாட்டினாள். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டிச் செருகிக்கொண்டாள். வாசலுக்குப் போனால் எய்லர்ட் பூட்ஸ் மாட்டித் தயாராக நின்றான்.

"எங்க போற?"

"குப்பை கொட்ட."

"கேமராவோடயா? நல்ல குப்பைதான். வா, காரை எடுத்துட்டேன். மீன் குடல் ஒரு பக்கெட் வாங்கி வெச்சிருக்கேன். உன் காக்கைகளுக்கு விருந்து."

"நான் தனியா போறேன், எய்லர்ட்."

"தனியா போயி வழுக்கி விழுந்தா யார் தூக்குவா?"

பதில் சொன்னால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் பனி நின்றுவிடும். காரில் ஏறினாள்.

துறைமுகத்தில் ஈ காக்கை இல்லை, அதாவது மனித நடமாட்டம் இல்லை. கடற்காகங்கள் மீன் ஆலைக் கூரையில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தன. கொட்டகைச் சுவர் மை போல நின்றது. அதன் முன்னால் விழும் ஒவ்வொரு பனித்துகளும் தனித்தனியாகத் தெரிந்தது. டோருன் துறைமுகக் கரையின் மேல்தளத்தில் ஒரு கம்பத்தோரம் இடம் பிடித்து, லென்ஸை நீட்டி, மூச்சை அடக்கினாள்.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். எய்லர்ட் பக்கெட்டை மொத்தமாகக் கடலில் கவிழ்த்திருந்தான். கூரையிலிருந்த அத்தனை பறவையும் ஒரே பாய்ச்சலில் தண்ணீரில் இறங்கி, ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு கூச்சல் போட்டன. கொட்டகைப் பக்கம் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"பாரு, எத்தனை வந்துடுச்சு! எடு, எடு!"

"பறக்குறதை எடுக்கணும் எய்லர்ட், திங்குறதை இல்ல!"

"தின்னுட்டு பறக்கும்ல? அவசரப்பட்டா எப்படி?"

தின்றவை பறக்கவில்லை. வயிறு நிறைந்த சுகத்தில் மிதந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டன. காத்திருந்த நேரத்தில் எய்லர்ட் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். தூரத்தில் ஒரு சீல் தலை தெரிகிறதாம். அப்புறம், வெளியே போகிற கப்பல் ரஷ்யாக்காரனுடையதா என்று பார்க்கவேண்டுமாம். அப்புறம், காப்பி இப்போதே வேண்டுமா, அப்புறமாகவா. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் திரும்பிய அந்த நொடியில் ஏதோ ஒரு பறவை சுவருக்கு முன்னால் கடந்து போயிற்று.

கடைசியில் அவள் கையுறையை மாற்ற கேமராவைப் பக்கத்திலிருந்த ஒரு மீன் பெட்டிமேல் வைத்துவிட்டுக் குனிந்தாள். நிமிர்ந்தால் கேமராவைக் காணோம்.

"காருக்குள்ள வெச்சிருக்கேன்," என்றான் எய்லர்ட் பெருமையாக. "ஹீட்டர் போட்டிருக்கேன். பாவம், விறைச்சுப் போயிருந்துச்சு."

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். குளிரில் கிடந்த லென்ஸ் சூட்டைக் கண்டதும் வேர்த்து, கண்ணாடி முழுக்கப் பால் படிந்த மாதிரி மூடியிருந்தது. துடைத்தால் போகாது. மறுபடி குளிர்ந்து, ஈரம் தானாகக் காயும்வரை ஒன்றும் செய்ய முடியாது. வெளியே அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்த பனி, அவள் நினைத்திருந்த மாதிரியே விழுந்துகொண்டிருந்தது.

டோருன் வெடித்துவிட்டாள்.

"நீ கடல்ல இருந்தப்போ நான் ஒருநாளாவது படகுல ஏறி வந்து, வலையை இங்க போடு, அங்க போடுன்னு சொல்லியிருப்பேனா? சொல்லு! ஒரே ஒருநாள்?"

"நான் உதவிதானே..."

"உதவாத! அதான் நீ பண்ணக்கூடிய உதவி. அந்தப் பக்கம் போ. என்னைக் கூப்பிடாத. சீல் வந்தாலும் சரி, திமிங்கலம் வந்தாலும் சரி, வாயைத் திறக்காத!"

எய்லர்ட் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கீழே படகுகள் கட்டும் மிதக்கும் இறங்குதுறைப் பக்கம் நடந்தான். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

லென்ஸ் தெளிய வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் பறவைகளுக்குப் பசி திரும்பியிருந்தது. ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. அவள் படம் எடுத்தாள். திரையில் பார்த்தால் பறவை மங்கல், நடுவில் ஒரே ஒரு பனித்துகள் மட்டும் கூர்மை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் ஒரு பனித்துகள். கேமராவுக்குப் பறவையைவிடப் பனியின்மேல்தான் ஆசை. அது தானாகக் குறிபார்ப்பதை நிறுத்திவிட்டு, விரலாலேயே லென்ஸ் வளையத்தைத் திருகி, சுவருக்கு முன்னால் இருந்த தூரத்துக்கு நிறுத்தி வைத்தாள். இனி பறவைதான் அந்த இடத்துக்கு வரவேண்டும்.

பெரிய கடற்காகம் ஒன்று ஆலை முனையிலிருந்து கிளம்பியது. தாழ்வாக, அவசரமில்லாமல் வந்தது.

"டோருன்!"

அவள் பல்லைக் கடித்தாள். பறவை சுவரைத் தாண்டி வெளியே போய், கடல்மேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பியது.

"டோரு..."

இந்தத் தடவை குரல் பாதியில் அறுந்தது. அது சீலைக் கண்ட குரல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விரல் பொத்தானைவிட்டு எழவில்லை. கடற்காகம் கறுப்புச் சுவருக்கு நேராக வந்து, இரண்டு இறக்கையையும் மேலே தூக்கியது. ஷட்டர் கடகடவென்று ஓடி நின்றது. அதற்கப்புறம்தான் அவள் திரும்பினாள்.

இறங்குதுறையில் எய்லர்ட் இல்லை. அவன் தொப்பி மட்டும் தண்ணீரில் மிதந்தது.

கேமராவை எங்கே போட்டாள் என்று அவளுக்குப் பின்னால் நினைவில்லை. மிதக்கும் பலகைகள்மேல் முழங்காலால் சறுக்கிக்கொண்டு போனாள். படகுக்கும் பலகைக்கும் நடுவே, மார்பளவு தண்ணீரில், படகு உரசாமலிருக்கக் கட்டியிருந்த ஒரு டயரை அணைத்துக்கொண்டு தொங்கினான் எய்லர்ட். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பலகைமேல் ஒரு இளம் கடற்காகம், காலில் தூண்டில் நரம்பு அறுந்து தொங்க, அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது. சிக்கியிருந்ததை அறுத்துவிடக் குனிந்தபோது வழுக்கியிருக்கிறது.

"பிடி! டயரை விடாத! ஏணி இந்தப் பக்கம். காலை உதை, மடையா, உதை!"

அவனைத் தூக்க அவளால் ஆகவில்லை. காலரைப் பிடித்துத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டே ஏணிவரை நகர்ந்தாள். அவன் ஒரு படி ஏற, அவள் இடுப்புவாரைப் பற்றி இழுக்க, இரண்டு பேரும் பலகைமேல் ஒன்றாக விழுந்தார்கள்.

"ஏன்யா உரக்கக் கத்தல?"

பற்கள் கிடுகிடுவென்று அடிக்க எய்லர்ட் சொன்னான்: "கூப்பிடலாமா வேணாமான்னு... யோசிச்சேன்."

வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே கார் ஓட்டினாள். அழுதுகொண்டும்தான், ஆனால் திட்டுவதை நிறுத்தவில்லை. ஈரத் துணியைக் கழற்றி, இருந்த கம்பளியையெல்லாம் சுற்றி, சர்க்கரை போட்ட காப்பியை வாயில் ஊற்றினாள். மருத்துவர் வந்து பார்த்து, உயிருக்குப் பயமில்லை, நெஞ்சு பலமாகத்தான் இருக்கிறது என்றார். வாயும்தான் என்று டோருன் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கேமராவைத் துறைமுகத்தில் கண்டெடுத்து மாலையில் கொண்டுவந்து கொடுத்தவள், காப்பிக் கடை நடத்தும் பியார்ன்ஹில்ட். ஒரு மூலை நசுங்கியிருந்தது, மற்றபடி பழுதில்லை. டோருன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பனித்துகள், பனித்துகள், வெறும் சுவர், அரை வால். பிறகு அந்தப் படம் வந்தது. தூக்கிய இறக்கை, மை போன்ற சுவர், மஞ்சள் அலகு, கண்ணின் ஓரத்தில் தெரியும் சின்னக் கோபம். சுற்றிலும் பனி அந்தரத்தில் நின்றது. வாழ்நாளில் அவள் இப்படி ஒன்று எடுத்ததில்லை. அது எந்த நொடியில் எடுத்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அழித்துவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனாள்.

"காட்டு," என்றான் எய்லர்ட் கம்பளிக்குள்ளிருந்து.

காட்டினாள். வெகுநேரம் பார்த்தான்.

"இது எப்போ எடுத்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். "நீ கூப்பிட்டப்போ."

"முதல் தடவையா, ரெண்டாவது தடவையா?"

"ரெண்டாவது."

அவன் தலையை ஆட்டினான். "நல்லவேளை, மூணாவதா கூப்பிடல. கை ஆடியிருக்கும்."

"என்னைத் திட்டேன்டா! ஒரு வார்த்தையாவது திட்டித் தொலையேன்!"

"எதுக்கு? வாயைத் திறக்காதன்னு சொன்னே, திறந்தேன். தப்பு என் மேல."

கையில் கிடைத்த தலையணையால் அவனை மொத்தினாள். அவன் சிரித்தான், இருமினான், மறுபடி சிரித்தான்.

அவன் திட்டியிருந்தால் அது அன்றோடு முடிந்திருக்கும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பியார்ன்ஹில்ட் தன் கடையில் மாட்டினாள். அன்றிலிருந்து எய்லர்ட் தினமும் அதன் கீழே உட்கார்ந்துகொள்கிறான். வாஃபிளும் பழுப்புச் சீஸும் தின்ன வருகிறவன் யாராயிருந்தாலும் தப்ப முடியாது. "படம் எப்படி? நல்லா இருக்கா? இதை இவ எடுக்கும்போது நான் எங்க இருந்தேன் தெரியுமா?" முதலில் மார்பளவாக இருந்த தண்ணீர், ஈஸ்டருக்குள் கழுத்தளவாயிற்று. இரண்டு கூப்பாடு பத்தாயிற்று. ஜெர்மன்காரப் பயணிகள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். பறவையை யாரும் பார்க்கவில்லை.

"மார்பளவுதான்," என்றாள் டோருன் ஒருநாள்.

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் பாக்கலையே!"

கடையே சிரித்தது. முகம் சிவந்துபோய், கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் கதை நடுவில் இருந்தான். அவள் எழுந்து போனதைக் கவனிக்கவில்லை.

வெளியே பனி பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்தது. தளத்தில் நின்று ஒரு மணி நேரம் முயன்றாள். பனித்துகள், பனித்துகள், மங்கலாக ஒரு வால். வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் சத்தமாகச் சொன்னாள். எதிர்த்து ஒரு யோசனை சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி லென்ஸை நீட்டினாள்.